பாதி மேகம்

வானத்தில் ஒரு மேகம் இருக்கிறதென்று அவள் ஆறு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தாள். மழை மேகமில்லை. சூரியனைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரந்து கிடக்கும், பத்து லட்சம் டிகிரியில் கொதிக்கும் வாயு. எந்தப் பக்கம் கருவியைத் திருப்பினாலும் மங்கலாகத் தெரியும் எக்ஸ்-கதிர் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்பது அவள் கட்சி. அதைச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குப் போயாக வேண்டும். அதை நம்பித்தான் அவள் வேலை நிரந்தரமாவதே.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்த செயற்கைக்கோள் பதிவு காலை வாரிவிட்டது. பார்த்த இடத்தையே இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வது அவர்கள் தொழிலில் வழக்கம். போன மாதம் மூன்றாம் தேதி பார்த்த அதே மூலை, பதினேழாம் தேதி அதே கருவி, வெளிச்சம் மட்டும் பாதி. முந்நூறு ஒளியாண்டு அகல மேகம் இரண்டே வாரத்தில் பாதியாகுமா? கருவியைச் சோதித்தாள், கணக்கைச் சோதித்தாள், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். மறுநாள் காலை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரே கணவர். அதே அலுவலகத்தில் இரண்டு மாடி கீழே, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் காற்றை அளப்பவர். கல்யாணமான புதிதில் யார் துறை பெரிது என்று குடுமிப்பிடிச் சண்டை போட்டு, ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள் நுழையவே கூடாதென்று சட்டம் போட்டுக்கொண்ட ஜோடி. மேதாவிகள் இரண்டு பேர் சேர்ந்தால் அப்படித்தான். அன்று அவளே சட்டத்தை மீறினாள்.

“ஏங்க, போன மாசம் மூணாம் தேதி உங்க காத்து எப்படி இருந்துச்சு?”

“மூணா? பேயாட்டம் ஆடுச்சும்மா! வழக்கத்தைவிட அஞ்சு மடங்கு.”

“பதினேழு?”

“கப்சிப். ஏன் கேக்குற?”

ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆபீஸுக்கு ஓடினார்கள். அவருடைய வரைபடத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் அவள் தன்னுடையதை வைத்தாள். வெயிலில் இரண்டு கோடுகளும் சேர்ந்து தெரிந்தன. ஆறு வருஷமும் ஏற்றத்துக்கு ஏற்றம் பொருந்தின.

“காத்துல வர்ற ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பறிகொடுத்துட்டு வருது. பூமியோட விளிம்புல இருக்கிற ஹைட்ரஜன்கிட்ட ஒண்ணைப் பிடுங்கிக்கும்…” என்று இழுத்தார்.

“பிடுங்கின கையோட எக்ஸ்-கதிரை உதறிடும்,” என்று அவள் முடித்தாள். “பாதி வெளிச்சம் நம்ம தலைக்கு மேலயே பொறக்குதுங்க!”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“கட்டுரை?” என்றார் அவர் தயங்கி.

வெள்ளிக்கிழமை கட்டுரைக்குப் பதிலாக ஒரு கடிதம் போனது: என் மேகத்தில் பாதி, மேகமே இல்லை. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. பொய் சொல்வானேன், அவள் நன்றாகவே அழுதாள். அழுத கண்ணோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பட்டப்பகல், வெறும் நீலம். அதற்கும் மேலே, பூமியின் ஓரமெல்லாம் சூரியக் காற்று பட்டு யார் கண்ணிலும் படாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கட்டுரையில் இவ்வளவு பெரிதாக அவள் எதையுமே எழுதியிருக்கவில்லை.