வராத கடைசி வாரம்

அம்மா வேலைக்குக் கிளம்பும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டி, பூட்டை நன்றாக இழுத்துப் பார்ப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியும். முகப்பேர் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து குதிக்க மாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் செய்த மாபாதகம், அண்ணனூர் ஸ்டேஷனில் கூடப் படித்த பையன் அருளோடு டீ குடித்தது. மாமா பார்த்துவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் மாமா சொல்வதுதான் சட்டம். ப்ளஸ் டூ முடித்தவளுக்கு அன்றோடு போனும் போச்சு, காலேஜ் பேச்சும் போச்சு. இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

பொழுது போகாமல் லாஃப்டைக் குடைந்தபோது ஒரு பழைய பேய்க்கதை கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்த புத்தகம். மலை பங்களாவில் ஒரு பதினாறு வயதுப் பெண். சித்தி அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒரு நாள் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல், 'உன் பெயரை எனக்குக் கொடு, கதவைத் திறந்துவிடுகிறேன்' என்கிறது. சொல்லலாமா என்று அவள் வாயைத் திறக்கிறாள். 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் பக்கமே இல்லை. தைத்த நூல் மட்டும் நீளமாகத் தொங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவள் வெளியே வந்தாளா என்று தெரியாவிட்டால் நானும் வர மாட்டேன் என்று கிறுக்குத்தனமாகத் தோன்றியது.

சாயங்காலம் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் புத்தகத்தை அவள் முன்னால் போட்டேன்.

"கடைசி வாரம் எங்கமா?"

எடுத்துப் புரட்டினாள். "இத்த எங்கடி புட்ச்ச? நான் தச்சதுதான். கடசி வாரம் வந்தா சேத்துக்கலாம்னு நூல உட்டு வெச்சேன்."

"அப்பறம்?"

"அந்த வாரம் எனுக்கு கண்ணாலம்." தொங்கிய நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பதினேழு வயசு. போன ஊட்ல யாரு புக்கு வாங்கித் தருவாங்க? ரொம்ப நாளு பாக்குறவங்கள எல்லாம் கேட்டுகினு இருந்தேன். யாருக்கும் தெரியல."

"வெளிய வந்திருப்பாளா?"

"தெரியலடி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். எனக்கும் இப்போது பதினேழுதான். அவள்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் படி இறங்கும் சத்தமும் கேட்டது. பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். பூட்டு வாயைத் திறந்தபடி தொங்கியது. சாவி அதிலேயே இருந்தது.

அந்தக் கதையின் எந்த வாரத்தைப் படித்தபோதும் நான் இப்படிப் பயந்ததில்லை. வெளியே போக என் செருப்பைத் தேடினேன். அதை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.