ஜெபராஜ் தட்டிப் பார்த்த இறக்கை

சின்னமனூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெபராஜுக்கு எதைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது, “என்ன விலை?” என்பதுதான். கல்யாணத்துக்குப் போனால் பந்தல் வாடகையை விசாரிப்பார். மனைவி இவாஞ்சலின் ஆசைப்பட்டாரே என்று ஒருமுறை மேகமலைக்குப் போனார்கள். மேகம் இறங்கி வந்து இருவர் முகத்தையும் நனைத்தது. ஜெபராஜ் மட்டும், கார்க்காரருக்குக் காத்திருப்புக் கூலி ஏறுகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாசியில் ஒரு காலை, பஜாரில் போக்குவரத்து அப்படியே நின்றுபோனது. ஓடைப்பட்டிப் பக்கம் நிறுவப்போகும் காற்றாலைக்கு ஒரு இறக்கையை ஏற்றிக்கொண்டு நீளமான லாரி ஊருக்குள் ஊர்ந்து வந்தது. முன்னால் நடந்து வந்த தவசி, கையில் சிவப்புக் கொடியும் வாயில் விசிலுமாகக் கடை வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, இந்தத் திருப்பத்துல ஒங்க போர்டு இடிக்கும்போல. கழட்டிக் குடுத்தாப் புண்ணியமாப் போகும். கம்பெனியில காசு தந்துருவாக.”

“எங்கப்பா காலத்துப் போர்டுப்பா அது,” என்று ஜெபராஜ் பெருமூச்சுடன் ஆரம்பித்து, ஐயாயிரத்தில் வந்து நின்றார். போன வருடம்தான் எழுதி மாட்டிய போர்டு. தவசி தலையைச் சொறிந்துகொண்டு, அலுவலகத்துக்குப் போன் பேச ஓரமாகப் போனார்.

லாரி கடைக்கு நேராக நின்றிருந்தது. இவாஞ்சலின் படியிறங்கிப் போய் இறக்கையில் கையை வைத்தார்.

“ஏங்க, இங்கன வாங்களேன். பெரிய மீனைத் தொட்ட மாதிரி வழவழன்னு இருக்கு.”

“கடையை யாரு பாக்குறது?”

“ரோடே அடைச்சுக் கெடக்கு. எவன் வந்து அண்டாவைத் தூக்கிட்டுப் போகப்போறான்? வாங்க.”

ஜெபராஜ் இறங்கி வந்தார். “இது என்ன விலை இருக்கும்?” என்று ஓட்டுநரைக் கேட்டார்.

“யாருக்குத் தெரியும்? வளைவு வந்தா எனக்கு வேர்க்கும். அது மட்டுந்தான் தெரியும்.”

பித்தளையோ எவர்சில்வரோ, எதையும் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய கை அது. தானாக மடங்கி இறக்கையைத் தட்டியது. ‘தொம்’மென்று ஒரு சத்தம் உள்ளே ஓடி, எங்கோ போய் அடங்கியது. எந்தப் பாத்திரத்திலும் அவர் கேட்டிராத சத்தம். காதை வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

“இவா, நீ அந்தக் கோடிக்குப் போ. கேக்குதான்னு பாப்போம்.”

மருந்துக்கடை, டீக்கடை, வளையல்கடை எல்லாம் தாண்டி இருந்தது அந்தக் கோடி. இவாஞ்சலின் முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்து போய், எக்கிக் காதை வைத்தார்.

“கேக்குதுங்க! தூரத்துல இடி இடிக்கிற மாதிரி கேக்குது!”

அதற்குப் பிறகு பஜாரில் யார் சும்மா இருப்பார்கள்? டீக்கடைக்காரர் கரண்டியால் தட்டினார். வளையல்கடைக்காரம்மா பவுனு, வளையல் போட்ட கையால் தட்டினார். நெரிசலைச் சரிசெய்ய வந்த போலீஸ்காரரும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு தட்டு தட்டினார்.

தவசி திரும்பி வந்தபோது ஜெபராஜ் ஏணியில் நின்று போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஐயாயிரத்துக்குச் சரின்னுட்டாக!”

ஜெபராஜின் கை ஒரு கணம் நின்றது.

“காசு கெடக்கட்டும்ப்பா. அந்த விசிலையும் கொடியையும் கொஞ்ச நேரம் எங்கிட்டக் குடுப்பியா?”

தவசி சிரித்தேவிட்டார். விசிலை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, ஜெபராஜ் லாரிக்கு முன்னால் நடந்தார். ஊர் எல்லை வரைக்கும் அவர் ஊதிய ஊதலில் நாய்களே ஒதுங்கி நின்றன.

மத்தியானம் தாண்டித்தான் புழுதியோடு திரும்பினார். இவாஞ்சலின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டார்.

“ஐயாயிரம் போச்சேன்னு வருத்தமில்லையா?”

“இருக்கு,” என்றார் ஜெபராஜ். “நெறையவே இருக்கு. அதை விடு. ரெண்டாவது திருப்பத்துல என்ன ஆச்சு தெரியுமா?” என்று கைகளை அகல விரித்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.