யாரும் எடுக்காத பை

1

பஸ் ஹாரன் விடாமல் அலறியது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நகரத்துக்கு வடக்கே, பஸ் திரும்பிப் போகிற இடத்தில் இருக்கும் குக்கிராமம் இது. சில வீடுகள், வீடுகளைவிட நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். வாடகை குறைவு என்று குடிவந்தேன். முதல் வாரம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொடர்கதை எழுதினேன். அடுத்த வாரம் அந்தக் கை காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வந்துவிட்டது.

(* இந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பலகை இருக்கிறது. அதன்மேல் உங்கள் பையை வைத்துவிட்டால், நீங்கள் வந்துவிட்டதாக அர்த்தம். மீதி வேலையை முடிக்க வீட்டுக்குத் திரும்பலாம், பஸ் காத்திருக்கும். பையை வேறு யாரும் தொடக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். "சட்டமா? பை இருந்தா ஆள் வரும், அவ்ளோதான்" என்றார்கள்.)

2

கதையின் முதல் தொடக்கம்:

கீழ்வானம் சிவந்து, புல்நுனியில் பனித்துளிகள் முத்துக்களாய்

நிறுத்திவிட்டேன். அன்று மேகமூட்டம்.

இரண்டாவது தொடக்கம்:

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் தெரிந்திருந்தால், அவள்

இதுவும் வேண்டாம். என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. தொடர்கதையென்றால் தெரிந்த மாதிரி எழுதிவிட்டு அடுத்த வாரம் யோசிக்கலாம். இது ஒரே வாரத்தில் முடிய வேண்டிய கதை. பேசாமல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

போன திங்கட்கிழமை காலை. அடுத்த அத்தியாயத்தைக் கொடுக்கப் பத்திரிகை அலுவலகம் கிளம்பிய நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் பக்கத்து வீட்டுப் பெண். ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கிறவள். நகரத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தங்க இடமும் தருகிறார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். முதல் நாளே வெளியே நின்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பலகையில் ஒரு பை மட்டும் இருந்தது. நீலத் துணிப் பை, புதிது. கைப்பிடியில் கெட்டியாக இரட்டைத் தையல். பக்கத்தில் ஆளைக் காணோம். நகரத்திலிருந்து புதிதாக வந்த டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை.

"யாரு பைங்க அது? ஏறுங்க, நேரமாவுது!"

"பை இருக்குல்ல, ஆள் வந்துரும்" என்றார் கண்டக்டர்.

"அப்ப பைக்கு ஒரு டிக்கெட்டப் போடுங்க. ஏத்திக்கிட்டுப் போவோம்."

"பை அங்க போயி, ஆள் இங்க நின்னா? நல்லாருக்கே கத!" என்றது பின் சீட்டுக் குரல்.

டிரைவர் கியரைப் போட்டார். தையல்காரப் பெண் எழுந்து நின்றாள்.

"அண்ணே, நில்லுங்க. வருவாங்க."

"ஏம்மா, ஒம்போதுக்குக் கேட்டு, சீக்கிரம் போங்கன்னு நீதான ஏறினதுலேருந்து உயிர எடுத்த?"

"ஆமா. இப்ப நில்லுங்கன்னும் நான்தான் சொல்றேன்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாட்சைப் பார்ப்பாள், பலகையைப் பார்ப்பாள், ஜன்னல் கம்பியை விரலால் தட்டுவாள். இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் என்று நினைத்துக்கொண்டேன். சொந்த வேலை போனாலும் பரவாயில்லை, அடுத்தவர் பை தனியாக நிற்கக் கூடாது!

அப்போது நகரத்துக்கு முட்டை இறக்கப் போயிருந்த வேன் திரும்பி வந்தது. ஓட்டிவந்த அவளுடைய அண்ணன் இறங்கி ஜன்னலோரம் வந்தார்.

"இன்னுமா கிளம்பல?"

"இதோ கிளம்பிட்டோம்ணே."

அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டவள் கண்டக்டர் பக்கம் திரும்பி, "போலாம்ணே. இனிமே வரமாட்டாங்க" என்றாள்.

பஸ் கிளம்பியது. பை பலகையிலேயே இருந்தது.

4

இந்தக் கதைக்கு ஒரு வில்லி வேண்டும். வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள், பத்திரிகை ஆசிரியர் கேட்டே விடுவார். ஆள் தயாராக இருக்கிறாள்: அந்தப் பெண்ணின் அண்ணி. "எங்க வீட்டுலயே கெடந்து என்ன பண்ணப் போற, போய்ப் பொழச்சுக்கோ" என்று மாதக்கணக்கில் நாத்தனாரை விரட்டியது அவள்தான். சுவர் வழியாக என் காதுக்கே கேட்கும்.

ஆகவே இப்படி எழுதினேன்:

பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். கொட்டகை வாசலில் அண்ணி நின்றாள். விசேஷத்துக்கென்று வைத்திருந்த நல்ல உடை. காலில் தோல் செருப்பு. நாத்தனார் ஒழிந்தாள் என்ற மகிழ்ச்சி அவள் முகத்தில்

இங்கே பேனா நின்றது. கொட்டகைக்குள் போகிறவர்கள் வாசலிலுள்ள மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லோரும் ரப்பர் செருப்புதான். தோல் செருப்போடு அவள் ஏன் அங்கே நின்றாள்? வேன் வந்ததும் ஏன் உள்ளே நகர்ந்தாள்? முகத்தில் இருந்தது மகிழ்ச்சிதானா? வாசல் நிழலில் முகம் எங்கே தெரிந்தது எனக்கு?

(அண்ணனையே வில்லனாக்கலாமா என்றும் பார்த்தேன். மனுஷன் நல்லவர். வீட்டில் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற நல்லவர். அந்த அண்ணியும் கல்யாணத்துக்கு முன் நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள்தான். "இனிமே எதுக்கு?" என்றாராம். அவ்வளவுதான், முடிந்தது.)

வில்லியைக் கதையிலிருந்து அடிக்கவும் மனமில்லை, வைக்கவும் தைரியமில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

5

முடிவுகள்.

ஒன்று: கேட் காவலாளி இரக்கப்பட்டுக் கதவைத் திறக்கிறார். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு: கேட் மூடியிருக்கிறது. மாலை பஸ்ஸிலேயே அவள் திரும்பி வருகிறாள். பலகையில் பை இல்லை.

நடந்தது இரண்டாவதுதான். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறாள். நாளைக் காலை அதே பஸ், அதே கேட். இந்த முறையும் தவறினால் கூப்பிட மாட்டார்களாம்.

மூன்றாவது முடிவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நாளை பலகையில் பை இருக்குமா, அவள் நிற்பாளா, போவாளா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

6

கடைசியாக ஒரு சேர்க்கை. மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

சற்றுமுன் அந்த அண்ணியே வந்தாள். ஓட்டில் கீறல் விழுந்த முட்டைகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பது வாராவாரம் நடப்பதுதான்.

"தொடர்கதையில அந்த டாக்டர ஏன் சார் மாடியிலேருந்து தள்ளிவிட்டீங்க?"

"அடுத்த வாரம் பொழச்சுருவாரும்மா."

"அதான பாத்தேன். இது என்ன, புதுக் கதையா?"

தடுப்பதற்குள் தாள்களை எடுத்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். நாலாவது பகுதியில் சிரித்தாள்.

"நான் இவ்ளோ கெட்டவளா சார்?"

"கதைக்காகம்மா. வேணாம்னா எடுத்துர்றேன்."

"இருக்கட்டும். செருப்பெல்லாம் பாத்திருக்கீங்க, கண்ணு நல்லாத்தான் இருக்கு." கடைசித் தாளைப் புரட்டினாள். "முடிவு எங்க?"

"நாளைக்குத்தான் தெரியும். நேரத்துக்குப் போய்ச் சேருவாளா, இல்ல மறுபடியும் ஊர்ல யார் பைக்காவது காத்துக்கிட்டு நிப்பாளான்னு."

தாள்களைத் தட்டி அடுக்கி மேஜையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"யார் பைக்காவதுன்னு போட்டுறாதீங்க சார். அந்தப் பை என்னோடது, அத எனக்குத் தெச்சுக் குடுத்தவளே அவதான்."