ஜன்னல் இல்லாத பக்கம்

நகாத்தைப் புதைத்த பிறகும் லேயாவுக்கு அழுகை வரவில்லை. துக்கவீட்டில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி என்று ஒப்பாரி வைத்தார்கள். லேயா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை சாரா பசித்து அழும்போது எடுத்துப் பால் கொடுப்பாள். முடிந்ததும் மறுபடி பாயின் ஓரம். புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படிக் கல்லாக இருந்தால் செத்தவன் மனம் நோகும் என்று சில பேர் குசுகுசுத்தார்கள். அவள் காதிலும் அது விழுந்தது.

அன்று உச்சிவெயிலில் எரிமலைச் சாம்பல் காற்றோடு வந்து கூரையில் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. வாழையிலையில் சுட்ட கிழங்கைத் தின்றுவிட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தார்கள். சாரா ருத்தியின் மடியில் தூங்கினாள். ருத்தி நகாத்தின் தம்பி யோலுவின் மனைவி. லேயா எழுந்து, புதர்ப்பக்கம் போய்வருகிறேன் என்றாள். துக்கம் காக்கிறவள் தனியாக வெளியே போகக்கூடாது. ஆனால் ருத்தி அரைக்கண்ணில் தலையை ஆட்டிவிட்டாள்.

லேயா புதர்ப்பக்கம் போகவில்லை. மரவீட்டுக்குப் போனாள்.

அது நகாத் தன் கையால் கட்டிய வீடு. ஆண்கள் கூடும் மன்றுக்குப் பின்னால் இருக்கும் ஆலமரத்தில், மூன்று கிளைகள் பிரிகிற இடத்தில், மூங்கிலும் காட்டுக்கொடியும் கொண்டு கட்டியிருந்தான். மின்சாரம் கிடையாது. குடிக்க மழைநீர்ப் பீப்பாய், வெளிச்சத்துக்கு வெயிலில் காயவைக்கிற விளக்கு. எரிமலையைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் அதில் தங்கி, இரவெல்லாம் மலை உறுமுவதைக் கேட்டுவிட்டு, காலையில் கண் சிவக்க இறங்கி வந்து அருமை அருமை என்பார்கள்.

அந்த வீட்டால்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. ஆண்கள் பொழுது சாய்ந்து மன்றில் கூடி, போதை தரும் காவா வேர்ச்சாறு குடிப்பதைப் பெண் பார்க்கக்கூடாது. ஊர்ப் பெண்ணே பார்க்கக்கூடாததை எங்கிருந்தோ வந்த பெண்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்ப்பதா என்று யோலு கேட்டான். நகாத், மன்று இருக்கும் பக்கத்து ஜன்னலைப் பிய்த்தெறிந்துவிட்டு மூங்கில் தட்டியால் அடைத்தான். அப்படியும் யோலு சமாதானமாகவில்லை. அண்ணன் உட்காரும் வட்டத்தில் உட்காரமாட்டேன் என்று கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு மன்றின் மறுகோடிக்குப் போய்விட்டான். நகாத் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு ஒரு நாள் காய்ச்சலில் விழுந்தான். சாம்பல் சமவெளியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வண்டியில் உயிர் போய்விட்டது.

வேலை செய்யும்போது அவன் போட்டுக்கொள்ளும் பழைய ஜெர்சி மரவீட்டில் ஆணியில் தொங்கியது. லேயா வந்ததே அதற்காகத்தான். எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வியர்வையும் மூங்கில் தூசும் மணத்தன. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். அழுகைக்குப் பதிலாகத் தூக்கம் வந்தது. பல நாள் தூக்கம், ஆளை அப்படியே அமுக்கிவிட்டது.

கீழே ஆண்களின் குரல் கேட்டு விழித்தாள். தரை மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்தாள். ஏணியடியில் யோலு நின்றான். அவன் கையில், தடை போட நடுகிற நமெலே ஓலை. அவனுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் சிலர். அவன் குனிந்து ஏணிக்கு முன்னால் மண்ணைப் பறித்து ஓலையை நட்டு, காலால் மிதித்து இறுக்கினான்.

"இது எங்க அண்ணன் வீடு," என்றான். "புதுக்கிழங்கு விருந்து வரைக்கும் இந்த மரத்துல யாரும் ஏறக்கூடாது, எறங்கக்கூடாது. இத மீறுனவங்க பிள்ளை மேல இந்த ஓலையோட சாபம் விழட்டும்."

அந்த நொடியில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் துக்கவீட்டில் இருக்க வேண்டியவள், அழக்கூட அழாதவள், பட்டப்பகலில் மரத்தின் மேல் படுத்துத் தூங்கினாள் என்று அத்தனை ஆண்களுக்கும் முன்னால் எப்படிச் சொல்வது? அவர்கள் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். அவர்கள் போனார்கள். ஓலை நின்றது. தான் எப்பேர்ப்பட்ட தப்புச் செய்துவிட்டோம் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

நட்டவன் கையால் பிடுங்கினால் ஒழிய அந்த ஓலையை யாரும் தாண்டமாட்டார்கள். ஏணியை விட்டு விழுதைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கலாம்தான். எந்த விழுதில் இறங்கினாலும் அந்த மரத்திலிருந்து இறங்கியதுதான். யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் யோலு சாபத்தைப் பார்க்கிறவர்கள் மேல் வைக்கவில்லையே, பிள்ளை மேல் அல்லவா வைத்திருக்கிறான். தகப்பனைத் தின்ற காய்ச்சல் அந்தக் குடிசையை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கும்? லேயா ஒரு காலை ஏணியின் முதல் படியில் வைத்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

சாராவுக்குப் பசிக்கும் நேரம் வந்தது. நேரம் சொல்ல அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. மார்பு கல்லாகக் கனத்தது. சற்றுக் கழித்து வீடுகள் இருக்கும் பக்கத்திலிருந்து குழந்தையின் அழுகை வந்தது. முதலில் சிணுங்கல், அப்புறம் வீறல். பால் தானாகச் சுரந்து, கையிலிருந்த ஜெர்சியை நனைத்தது.

ருத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அக்கா, அக்கா என்று தேடிக்கொண்டு வந்தாள். மரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஓலையைக் கண்டு நின்றுவிட்டாள். லேயாவுக்கு உயிர் வந்தது. தரை இடுக்கில் வாயை வைத்து, "ருத்தி," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

ருத்தி மேலே பார்த்தாள். செத்தவன் வீடு. அடைத்து நட்ட ஓலை. உள்ளேயிருந்து தன் பெயர். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் பாவாடை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று எடுக்கவில்லை.

லேயா மரவீட்டுக்குள் நடந்தாள். நான்கு எட்டில் சுவர் வந்தது. வெள்ளைக்காரர்கள் புகழ்ந்து புகழ்ந்து படம் எடுத்த கட்டில், கொசுவலை, குடிநீர்ப் பீப்பாய். எல்லாம் இருந்தது, கூண்டில் இருப்பதைப் போல. பாலைப் பீய்ச்சிக் கிளைக்குக் கீழே விட்டாள். அது இலையில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல் நிறுத்தினாள்.

பொழுது சாய்ந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக மன்றுக்கு வந்தார்கள். ஜன்னல் இல்லாத அந்தப் பக்கத்தில், தட்டிக்கு இப்புறம் அவள் மூச்சடக்கி உட்கார்ந்தாள். இனி வாயைத் திறப்பது முன்னதைவிடப் பெரிய தப்பு. காவா உள்ளே போனபின் மன்றில் யாரும் பேசமாட்டார்கள், சருகு மிதிபட்டாலும் முகம் சுளிப்பார்கள். அது செத்தவர்களுக்குக் காது கொடுக்கிற நேரம். அந்த நேரத்தில் பெண்குரல் கேட்டதென்று அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

கொட்டாங்கச்சிகள் கைமாறுவது கேட்டது. பிறகு அமைதி. குழந்தையின் அழுகை மட்டும் தேய்ந்து தேய்ந்து, குரல் கம்மி வந்துகொண்டிருந்தது.

கடைசி மடக்கைத் துப்பிவிட்டுச் செத்தவர்களிடம் மனதிலிருப்பதைச் சொல்வது மட்டும் வழக்கம். யாரோ துப்பினார்கள். தட்டிக்கு மிக அருகில், யோலுவின் குரல்.

"அண்ணே. நீ கூப்பிட்ட, நான் வரல. இன்னிக்கு நீ உக்கார்ற எடத்துலதான் உக்காந்திருக்கேன்." மூச்சை இழுத்தான். "எம் மேல கோவமா?"

மலை ஒரு தடவை உறுமி அடங்கியது. அவன் காத்திருந்தான். லேயாவுக்கு அவன் முகம் தெரியவில்லை, ஆனால் அவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. செத்தவனுக்குப் பதிலாகப் பேசுவதற்கு என்ன தண்டனை என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. யாரும் செய்ததில்லை என்பதால் இருக்கும். குழந்தை ஒரு தடவை வீறிட்டு, பட்டென்று நின்றது. அந்த நிற்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஜெர்சியை வாய்மேல் வைத்துக்கொண்டு, மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

"கோவமில்ல, யோலு."

கீழே யாரோ தொண்டையில் காற்றை இழுத்தார்கள்.

"ஓலைய எடுத்துடு. கொழந்த அழுவுது."

அப்புறம் தள்ளாடுகிற காலடிகள் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தன. மண்ணிலிருந்து ஓலை பிடுங்கப்படும் சத்தம் கேட்டது. யோலு விம்மிக்கொண்டே மற்றவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். லேயா இறங்கும்போது ஏணியடியில் சின்னக் குழி ஒன்றுதான் இருந்தது.

சாரா பசியில் சோர்ந்து தூங்கியிருந்தாள். மார்பில் வைத்ததும் தூக்கத்திலேயே குடித்தாள். கல்லறைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன் என்றாள் லேயா. ருத்தி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஆலமரத்துல பேய் இருக்குக்கா. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அதுவும் உன் குரல்லயே. எவ்வளவு குயுக்தி பாரு அதுக்கு."

விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நகாத் பேசினான். தம்பியை மன்னித்தான். குழந்தைக்காக வீட்டைத் திறக்கச் சொன்னான். அப்படியானால் வீடு திறந்தே இருக்கட்டும், வருகிறவர்கள் வரட்டும் என்றான் யோலு. வெள்ளைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அவர்கள் மூட்டையை அவனே சுமந்து ஏற்றினான். ஏணியில் ஆடிய படிகளை மாற்றினான். யாரும் தங்காத நாளில், மன்று கலைந்த பிறகும் தட்டிக்குக் கீழே ஒரு கொட்டாங்கச்சியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். எதையாவது கேட்பான், காத்திருப்பான், போய்விடுவான்.

கிழங்கு விருந்து முடிந்து துக்கம் கழிந்தபின், மரவீட்டில் விரிப்பு மாற்றுகிற வேலை லேயாவுடையதாயிற்று. ஒரு மாலை விரிப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது யோலு எதிரில் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணி, மேல போறப்ப பாப்பாவையும் தூக்கிட்டுப் போங்க. பாப்பா அழுததாலதான அன்னிக்கு அண்ணன் பேசுச்சு."

லேயா தலையிலிருந்த விரிப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"அண்ணன் ஏதாச்சும் சொன்னா எனக்குச் சொல்லுங்க," என்றான்.

"சொல்றேன்," என்றாள்.

மேலே போய்க் குழந்தையைக் கட்டிலில் விட்டாள். ஜெர்சி பழைய ஆணியிலேயே தொங்கியது. எடுத்தாள். அதில் இப்போது நகாத்தின் வாசனை இல்லை. காய்ந்துபோன பாலின் புளிப்புத்தான் இருந்தது. அப்போதுதான் இத்தனை நாள் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி கிளம்பி வந்தது.

கீழே தட்டிக்கு அந்தப் பக்கம் யோலு உட்காருகிற சத்தம் கேட்டது. கொட்டாங்கச்சியை மண்ணில் வைக்கிற சத்தமும் கேட்டது.

லேயா ஜெர்சியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.