பச்சை மேல் ஒரு வட்டம்

போன வருஷம் எனக்கு மனுஷ முகங்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிற ஜான்சி இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். அலை வந்துபோன பிறகு என் நாற்காலியில் நாலு மாசம் உட்கார்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கடை. கேமரா என் வீட்டுக்காரர் சார்லஸுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. சுனாமிக்குப் பிறகு குப்பத்து ஜனங்கள் ஊறிப்போன கல்யாண போட்டோவையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் நிற்கிற ஒரு முகத்தை வெட்டியெடுத்து, உப்புத் தண்ணீர் தின்ற கண்ணுக்குக் கண் வரைந்து, மாலை போடுகிற அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுப்பேன். நாளெல்லாம் அதே வேலை. கண்ணை மூடினாலும் அவர்கள் போகமாட்டார்கள். சோறு பிசையும்போது தட்டிலிருந்து யாரோ பார்ப்பார்கள். பைத்தியம் பிடித்துவிடும் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் வட்டமும் சதுரமும் போட ஆரம்பித்தேன். ஆள் வராத மதியத்தில் போட்டோஷாப்பில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். வட்டத்துக்குக் கண் கிடையாது, சதுரத்துக்கு வாய் கிடையாது, அப்பாடா என்றிருக்கும். ஒரே சாம்பல் நிறச் சதுரம் கறுப்பு மேல் வைத்தால் வெளுக்கிறது, வெள்ளை மேல் வைத்தால் அழுக்காகிறது. வட்டம் நடுவில் இருந்தால் சும்மா இருக்கிறது. ஓரத்துக்குத் தள்ளினால் வெளியே விழப் பார்க்கிறது, எனக்கு நெஞ்சு பக்கென்கிறது. உப்பளப் பாத்தி மாதிரி கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் ஊற்றுவேன்.

"இன்னாடி இது, லுங்கி டிசைனா?" என்று சார்லஸ் கிண்டல் பண்ணுவார்.

"உங்க மூஞ்சிய வுட நல்லாத்தான் இருக்குது. போய் வேலையப் பாருங்க."

டிசம்பர் பிறந்ததும் கன்னியப்பனும் அவன் பெண்டாட்டி கலைமதியும் வந்தார்கள். கட்டுமரத்துக்காரன். அலைக்குப் பிறகு தார்ஷீட் கொட்டகையில் குடியிருக்கிறார்கள்.

"வருஷ திதி வருதுக்கா" என்றான். "கடலாண்ட எல்லாரும் போட்டோ வெச்சி மாலை போடறாங்க. எங்க பையன் சதீஷுக்கு ஒரு போட்டோ வேணும்."

"இருக்கறதக் குடு, ஸ்கேன் பண்றேன்."

"இல்லக்கா."

"அலையில போச்சா?"

"எடுக்கவே இல்ல. அப்ப அவனுக்குப் பத்து மாசம்தான்."

எனக்கு வந்ததே கோபம்! இந்தப் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியாததா? வருஷம் திரும்பாத குழந்தையை போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும், கண்ணு பட்டுவிடும். எடுக்காமல் மட்டும் எந்த ஆயுசைக் காப்பாற்றினார்கள்?

"எடுக்காத போட்டோவுக்கு நான் எங்கய்யா போறது? ரெடிமேடா விக்குதா?" என்று கத்திவிட்டேன்.

கலைமதி அசையவில்லை. "மூஞ்சி போய்க்கினே இருக்குதுக்கா" என்றாள். "முன்னல்லாம் கண்ண மூடினா முழுசா வருவான். இப்ப மூக்கு வரல, கண்ணு வரல. போட்டோ இருந்தா புடிச்சி வெச்சிக்குவேன். இதுவும் போய்ட்டா, பெத்தேன்னு சொல்லிக்க என்கிட்ட இன்னாக்கா இருக்குது?"

அதற்கு மேல் எங்கே கத்துவது? உட்காரச் சொன்னேன்.

சி.டி.யில் இருந்த கொழுகொழு குழந்தைப் படங்களைக் காட்டினேன். "இது யாரோ பெத்த புள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை மூடினேன். அடியில் நான் மதியம் போட்டுவைத்த பக்கம் திறந்தே கிடந்தது. வெள்ளையில் ஒரு பழுப்பு வட்டம். கலைமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது இருக்கட்டும்."

"இது வெறும் வட்டம்மா."

"அவனும் உருண்ட மூஞ்சிதான்."

எந்த முகத்துக்குப் பயந்து ஓடி ஒளிந்தேனோ, ஒளிந்த இடத்துக்கே அது வந்து நிற்கிறது. மூடிவிடத்தான் நினைத்தேன். விரல் வரவில்லை.

"எவ்ளோ பெருசு?" என்றேன்.

கன்னியப்பன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் திரைக்கு முன்னால் ஏந்தினான். அந்தக் கைக்குள் அடங்குகிற மாதிரி வட்டத்தை இழுத்தேன். "கீய, தாடையாண்ட, கொஞ்சம் சப்பையா" என்றாள் அவள். சப்பையாக்கினேன். நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

"கறுப்பா?"

"இல்லக்கா."

"செவப்பா?"

"குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூக்குவேன் பாரு, அப்ப ஒரு கலரு இருப்பான்."

அந்தக் கலர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எந்தப் பழுப்பு ஊற்றினாலும் வட்டம் செத்துத்தான் கிடந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. வட்டத்தை ஏன் நோண்டுகிறேன்? அடியில் இருப்பதை மாற்றினால் போதுமே.

"குளிப்பாட்டிட்டு எது மேல படுக்க வெப்ப?"

"இவுரு கைலி மேல. பச்சக் கைலி."

வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சையை ஊற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வட்டத்தை நான் தொடவே இல்லை. அது சிவந்தது. ரத்தம் ஓடுகிற தோல் மாதிரி ஆகிவிட்டது. கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். கண்ணும் மூக்கும் இல்லாத அந்த வட்டம் எங்கள் மூன்று பேரையும் பார்ப்பது போலிருந்தது. மாதா மேல் ஆணை, நான் பயந்துபோனேன்.

"பொட்டு வெச்சிவுடுக்கா" என்றான் கன்னியப்பன். "திருஷ்டிப் பொட்டு. வலது கன்னத்துல."

சின்னக் கறுப்பு வட்டம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

"வலதா? இடதுய்யா" என்றாள் கலைமதி.

"ஏய், நான் பாத்தேன். வலதுதான்."

"வெச்சவ நானா, நீயா?"

இடது பக்கம் தள்ளினேன். கலைமதி குனிந்து பார்த்தாள். வலது பக்கம் தள்ளச் சொன்னாள். திரும்ப இடது. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு குழந்தை வந்தது. "அய்யோ, இது அவன் இல்ல, இதுவும் அவன் இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "தெனம் வெச்ச கையி. எந்தப் பக்கம்னு தெரியலியேக்கா! எடுத்துடு, பொட்ட எடுத்துடு!"

எடுத்துவிட்டேன். வெறும் வட்டம் பச்சை மேல் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழக்கத்தில் செய்கிற மாதிரி தன் கண்ணோரத்து மையை விரலில் தொட்டாள். இன்னொரு கையால் மானிட்டரை, குழந்தையின் தாடையைப் பிடிக்கிற மாதிரி அடியில் பிடித்தாள். டிவி போன்ற பெட்டி மானிட்டர் அது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"சூடா இருக்கறான்" என்றாள்.

விரல் போனது. இடது கன்னத்துக்கும் போகவில்லை, வலது கன்னத்துக்கும் போகவில்லை. நேரே கீழே இறங்கி மோவாயில் வைத்தது.

கன்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். "மோவாய்தான்! எச்சி வுட்டு வுட்டு கன்னத்துக்கெல்லாம் இழுத்துக்குவான்க்கா. ஒரு நாளு இந்தப் பக்கம், ஒரு நாளு அந்தப் பக்கம்."

கலைமதி அழவில்லை. வட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கு வந்துவிட்டது, கண் வந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. திரைக்கு இரண்டு பக்கமும் வழித்து, தன் நெற்றியோரத்தில் வைத்து நெட்டி முறித்தாள். மை இருந்த இடத்துக்கு நேராக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் பண்ணிக் கொடுத்தேன்.

கன்னியப்பன் படத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அலை வந்த அன்னிக்கு மட்டும் பொட்டு வெக்கலக்கா" என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கெயமை. வெயில் ஏறட்டும், குளிப்பாட்டிட்டு வெக்கலாம்னு வுட்டுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தினேன். வட்டம் போயிற்று, பச்சை போயிற்று. இருண்ட கண்ணாடியில் மை மட்டும் நின்றது. வேலை முடித்து வந்த சார்லஸ், "கண்ணாடியில இன்னாடி அழுக்கு?" என்று துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"கைய வெச்சீங்க, ஒடிச்சிடுவேன்" என்றேன். "புள்ள பொட்டு இல்லாம இருக்கக் கூடாது."