உம்மு குல்தூமின் வாப்பா

"மூக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"நல்ல மூக்கு மகள்," என்றார் உம்மு குல்தூம்.

பென்சில் பிடித்த இத்தனை வருடத்தில் கெட்ட மூக்கென்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷி தன் வாப்பாவை வரைந்து வாங்க எத்தாளையிலிருந்து பஸ் பிடித்து மூன்றாம் தடவையாக வந்திருக்கிறார், இன்னும் ஒரு காதுகூடச் சரிவரவில்லை.

புத்தளத்தில் எனக்கு இதுதான் தொழில். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது எங்கள் முஸ்லிம் சனங்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள், ஃபோட்டோக்கள் சுவரிலேயே நின்றுவிட்டன. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தால் சுவரே இல்லை. ஆகவே என்னிடம் வந்து, வாயால் சொல்லி, மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களை வரைந்து வாங்கிப் போகிறார்கள்.

எங்கள் வீட்டுப் படங்களும் அப்படித்தான் போயின. வாப்பா கடலில் மவுத்தானபோது நான் சின்னப் பிள்ளை. உம்மாவும் இப்போது இல்லை. ஊரார் வாப்பாக்களையெல்லாம் வரைகிறேன், என் வாப்பா மட்டும் வரவில்லை. எத்தனை தாள் கிழித்தேன்! ஒரேயடியாக மறந்துவிடுவேனோ என்ற பயம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை.

"கண்?"

"வாய் சிரிக்க முந்தியே கண் சிரிச்சிரும்."

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. கை தன்பாட்டில் ஓடியது. இமை, கன்னம், இடது புருவத்தில் தழும்பு. தோளில் ஏறியிருந்து நான் விரலால் தடவிய தழும்பு. என் வாப்பா தாளிலிருந்து என்னைப் பார்த்தார்.

மறைக்குமுன் உம்மு குல்தூம் எட்டி எடுத்துவிட்டார்.

"யா அல்லாஹ்! இவர்தான், என்ட வாப்பா!"

"இல்ல மாமி, பிழைச்சுப் போச்சு. தாங்க, வேற வரைஞ்சு தாறன்."

"எது பிழை?"

"அந்தத் தழும்பு. நீங்க சொல்லல்லையே."

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "ஓம்... தோணியில அடிபட்டது. பாருங்க, நானே மறந்துட்டேன்."

"ஒரு நாளைக்காவது வெச்சிருந்து தாறனே."

"ஏலாது மகள். இருபது வருஷம் இவரில்லாம இருந்துட்டேன்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பறித்துவிடத்தான் பின்னால் ஓடினேன். பஸ் தரிப்பில் யாரோ ஒருத்திக்குப் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"உங்கட சாயல் அப்படியே இருக்கு," என்றாள் அவள்.

உம்மு குல்தூம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் வாயைத் திறந்தால் என் வாப்பா எனக்குக் கிடைப்பார், அவருக்கு ஒருவரும் இருக்கமாட்டார்.

பஸ் வந்தது. என் வாப்பாவை யன்னலோரமாகப் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.