கோட்டைத் திருப்பு, மாலக்கி!

மாலக்கி வாய் திறக்கவே மாட்டான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இத்தனை வருடமாக அவனோடு சுற்றுகிறேன். ஆடு குட்டி போட்டால் ஓடி வந்து சொல்வான். கல்யாணப் பேச்சு மட்டும் வராது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா எனக்கு அங்கே நர்ஸ் வேலை பார்த்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை, "முவீல்ரே மலை உச்சிக்குப் போவோமா?" என்று இவன் வந்து நின்றான். இன்றைக்கும் பேசாவிட்டால் விமானம் ஏறிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு கிளம்பினேன்.

சேறு பூட்ஸைக் கவ்வியது. பாறைச் சரிவில் நான் கையும் காலும் ஊன்றித்தான் ஏறினேன்.

"என்ன ப்ரோனா, மூச்சு வாங்குது? ஆஸ்பத்திரி லிஃப்டுலயே போய்ப் பழகிட்டியா?"

"நீ பேசாம ஏறு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அவனுக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஏறினான்.

மேலே போகப் போக மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. நடந்து நடந்து, இரண்டாகப் பிளந்த ஒரு பாறைக்கு வந்தோம். மறுபடி நடந்தோம். மறுபடி அதே பாறை. ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம் வேறு.

"அவங்க புல்லை மிதிச்சிட்டோம்," என்றேன்.

அவர்கள் என்றால், மலையில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் 'நல்லவர்கள்'. வேறு பெயர் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அவர்கள் மந்திரித்த புல்லை மிதித்தால் வழி தப்பும். போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் விட்டுவிடுவார்கள். நான் உடனே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"நீயும் திருப்பு."

"வேணாம். இதெல்லாம் மூடநம்பிக்கை."

யார் சொல்வது! வயல் நடுவே நிற்கும் ஒற்றை முள்மரம் அவர்களுடையது என்று அதை வெட்டப் பயந்து, டிராக்டரை அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவன்.

"திருப்பப் போறியா இல்லியா?"

"குளிருது... ஜிப் வேற சரியில்ல..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலரைப் பிடித்து உருவினேன். கோட்டின் உள்துணியில், ஆட்டுக் காதில் அடையாள வில்லை மாட்டுவதுபோல், பெரிய ஊக்கு ஒன்றில் ஒரு மோதிரம் தொங்கியது.

"உச்சியில வச்சுக் கேக்கலாம்னு இருந்தேன்," என்றான் மாலக்கி. காது வரை சிவந்திருந்தான். "பாக்கெட் ஓட்டை. அதான் ஊக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோட்டைத் திருப்பியபடியே அவனுக்கு மாட்டிவிட்டேன். வெளியே தொங்கிய மோதிரம் ஆடியது. சற்று நேரத்தில் மேகம் விலகியது. காற்றுதான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். எங்கள் தலைக்கு மேலேயே உச்சியின் கல்குவியல் தெரிந்தது.

"அதோ! வா, அங்க போயி முறையா முட்டி போட்டுக் கேக்கறேன்."

"இங்கயே கேளு. அந்தக் கல்லு வரைக்கும்கூட இனி என்னால காத்திருக்க முடியாது."

சேற்றிலேயே முட்டி போட்டான். தொண்டையைச் செருமினான். அவன் கேள்வி பாதியில் இருக்கும்போதே நான் சரி என்றுவிட்டேன்.